நாலு கை வேண்டும்

ஓசூர்,
புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாரா வாரம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கினான் என்று நினைப்பாய். ஒரு விஷயத்தை உன்னிடம் போனில் சொல்ல ரெண்டு மாசமாகப் பார்க்கிறேன், வாய் வரவில்லை. 1988-ல் ஐடிஐ முடித்துவிட்டு சிப்காட்டுக்கு வந்த புதிதில், பாரூரில் இருந்த உன் தாத்தாவுக்கு எல்லாவற்றையும் இன்லண்ட் லெட்டரில்தான் சொல்வேன். முதல் மாசச் சம்பளத்தில் பாதியை பஸ்ஸில் பறிகொடுத்ததைக்கூட அப்படித்தான் சொன்னேன். எதிரே நின்று சொல்லியிருந்தால் பாதியிலேயே அழுதிருப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். முதலில் வீட்டுச் சேதி.

அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாம் சனி என்று காலை நாலரைக்கே எழுந்து வடை, பாயசம், சுண்டல் எல்லாம் பண்ணினாள். எதிர்வீட்டுத் தெலுங்கு அத்தை புளிஹோரா கொடுத்து அனுப்பினார்கள். உன் பங்கையும் நானே சாப்பிட்டேன். உன் ஆஸ்கார் மீன் போண்டாவுக்கும் இந்த மாசம் விரதம்தான். ஃப்ரீசரில் இருந்த இறால் பொட்டலத்தைப் புரட்டாசி பிறந்த அன்றைக்கே அம்மா எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டாள். "ஒரு மாசம் சைவம் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது" என்கிறாள். பெல்லட்டைப் போட்டால் போண்டா வாயில் வாங்கி, துப்பிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்க்கிறது. கத்தரிக்காய்க் குழம்பு வைத்த அன்றைக்கு நீ பார்ப்பாயே, அதே பார்வை. அந்த பெல்லட்டிலும் மீன் தூள்தான் கலந்திருக்கிறது என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் உளறி வைக்காதே.

புது மீன் டேங்க் வந்துவிட்டது. நீ நினைப்பதைவிடப் பெரிசு. ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். உன் மாடி ரூமில் இருக்கிற பழைய டேங்க் நாலடிக்கு ஒன்றரை, ஒன்றரை. அதில் 255 லிட்டர் பிடிக்கும். இது 680. பாகலூர் ரோட்டில் கண்ணாடி வெட்டினேன், எல்லாப் பக்கமும் 12 எம்எம். எட்டு எம்எம் போதும் என்று கடையில் சொன்னார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். முழுக்க நிரப்பினால் முன்கண்ணாடி ஒன்றின் மேல் மட்டும் 340 கிலோ வரை தண்ணி சாய்ந்து நிற்கும். அஞ்சு ஆள் தோள் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி, ராத்திரி பகலாக, வருஷக்கணக்கில். இதில் நீளத்தைப் பற்றிப் பயமே இல்லை, பாப்பா. பத்தடி நீளம் என்றாலும் ஒரு அங்குலக் கண்ணாடி தாங்குகிற அழுத்தம் அதேதான். உயரம்தான் ஆளைக் கொல்லும். ஒன்றரை அடியை ரெண்டடி ஆக்கினால் தள்ளுகிற விசை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதனால் மேல் விளிம்பைச் சுற்றி நாலு அங்குலக் கண்ணாடிப் பட்டையும் வெட்டச் சொன்னேன், நடுவில் பிதுங்காமல் இருக்க.

ஒட்டுகிற வேலையை நானே பண்ணினேன். பாத்ரூமுக்கு அடிக்கிற பூஞ்சை பிடிக்காத சிலிகான் இதற்கு ஆகாது. அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு விஷம். வினிகர் வாசனை வருகிற சாதா சிலிகான்தான் வேண்டும். ஒரு வாரம் வீடு முழுக்க ஊறுகாய்க் கடை வாசனை. அந்த ஒரு வாரமும் கண்ணாடியில் கைகூட வைக்காமல் காயவிட்டேன். தினம் காலையில் போய் விரலால் தொட்டுப் பார்க்கிறேன் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம்பாதே. ரெண்டு நாள்தான் தொட்டேன்.

ஸ்டாண்டுக்கு ரெண்டு அங்குல ஸ்கொயர் பைப். சிட்கோவில் வெல்டிங் ஷாப் வைத்திருக்கிற உன் மாமா ஒரு பைசா வாங்காமல் அடித்துக் கொடுத்தார், ரெட் ஆக்சைடு அடித்து, கறுப்பு பெயின்ட் வரைக்கும். ஹாலில் வைத்ததும் ஸ்ட்ரெயிட் எட்ஜைப் போட்டு ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். வலது பின்மூலையில் 0.4 எம்எம் இடைவெளி. ராத்திரி பதினோரு மணிக்கு தரையில் படுத்துக்கொண்டு ஷிம் வெட்டிக்கொண்டிருந்தேன். "அதுமேல தெர்மகோல் போடப் போறீங்க, அது அமுங்கிச் சரியாயிடாதா?" என்று கேட்டாள் உன் அம்மா. சரியாகிவிடும்தான். முப்பது வருஷம் டூல் ரூமில் இருந்தவனுக்கு 0.4 தெரிந்த பிறகு தூக்கம் வருமா?

உன் ரூமிலேயே வைக்கச் சொல்லி நீ கேட்டாய். முடியாது, கண்ணு. கோபப்படாதே, கணக்கைப் பார். தண்ணி 680 கிலோ, கண்ணாடி 120, ஸ்டாண்டு, மணல், கட்டை எல்லாம் சேர்த்தால் 900 கிலோவைத் தொடும். அத்தனையும் பன்னிரண்டு சதுர அடியில் உட்கார்ந்திருக்கும். வீட்டுத் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் கணக்குப் போட்டு கான்கிரீட் போடுவார்கள். இது அதைப்போல நாலு மடங்கு. சுவர் ஓரமாக, பீமுக்கு மேலே வைத்தால் தாங்கலாம். ஆனால் நம் வீட்டு பீம் எங்கே ஓடுகிறது என்று கட்டின மேஸ்திரிக்கே இப்போது தெரியாது. அதனால் கீழே ஹாலில், நாலடி டிவி இருந்த சுவரில், தரையில் நம் ஊர் கிரானைட் மேலேயே வைத்துவிட்டேன். டிவி பூஜை அலமாரிப் பக்கம் போய்விட்டது. அம்மா இன்னும் என்னோடு முழுசாகப் பேசவில்லை.

சரி. இப்போது அந்த விஷயம்.

வெள்ளச்சி இல்லை, பாப்பா.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வாரமே போய்விட்டாள். எட்டு ஞாயிறாக நீ "வெள்ளச்சி எங்கேப்பா, காட்டு" என்று கேட்கும்போதெல்லாம் "கட்டைக்குப் பின்னாடி படுத்திருக்கா" என்று சொல்லி போனைத் திருப்பினேனே, அத்தனையும் பொய். கட்டைக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு தடவை நீ "வால் தெரியுது" என்றுகூடச் சொன்னாய். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

கொன்றது நான்தான். எப்படி என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மனசு ஆறும். ஆடிப் பெருக்கு, ஊரெல்லாம் புதுத் தண்ணியைக் கும்பிடுகிற நாள். மீனுக்கும் புதுத் தண்ணி கொடுக்கலாம் என்று ஆசை. டேங்க் முக்கால்வாசியையும் காலி பண்ணினேன். அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பாள். ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே ஸ்பாஞ்சும் அந்த செராமிக் வளையங்களும் பழுப்பாக, வழவழவென்று இருந்தன. கம்பெனியில் கூலன்ட் டேங்க் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டு வெள்ளை வெளேர் என்று ஆகிற வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். குளோரின் போட்ட குழாய்த் தண்ணி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, "பாரு, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று பெருமை வேறு.

அந்த வழவழப்புதான் உயிர் என்று எனக்குத் தெரியாது, பாப்பா. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம், கடைசியில் வருவது கொஞ்சம் சாது. வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணி மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியா எல்லாம் குடியிருப்பது தண்ணியில் இல்லை, அந்த ஸ்பாஞ்சிலும் வளையத்திலும்தான். அஞ்சு வருஷமாக நீ சேர்த்து வைத்திருந்த கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் நான் குளோரினில் கழுவி சாக்கடையில் விட்டுவிட்டேன். போதாததற்கு போர் தண்ணியை ஊற்றி நிரப்பினேன். நம் போர் தண்ணி உப்பு, காரத் தன்மை. காரம் கூடக் கூட அமோனியாவின் விஷமும் கூடும்.

மூணாவது நாள் ரெண்டு ஆஸ்காரும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "என்னைப் பாத்துப் பேசுது பாருங்க" என்று அம்மா சந்தோஷப்பட்டாள். நானும் சிரித்தேன். மூச்சுக்குத் தவித்திருக்கின்றன. அஞ்சாம் நாள் காலையில் வெள்ளச்சி சாய்ந்து மிதந்தாள். போண்டா எப்படித் தப்பினான் என்று தெரியவில்லை. வாட்ச்மேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த சக்கர் மீனை எமனே வந்தாலும் அசைக்க முடியாது. பின்பக்கம் கொய்யா மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தேன். அடையாளத்துக்கு ஒரு பாதிச் செங்கல் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். இந்த வயசில் டெஸ்ட் கிட் வாங்கி, குப்பியில் அஞ்சு மில்லி தண்ணி எடுத்து, சொட்டு எண்ணிவிட்டு, கலர் பார்க்கிறேன். அமோனியா இல்லை என்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. நைட்ரைட்டுக்கு நீலம் நல்லது, ஊதா கெட்டது. உன் பழைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். குவாலிட்டியில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக ரீடிங் எழுதினதில்லை.

இந்தப் பெரிய டேங்கும் அதனால்தான். நீ ஆசைப்பட்டாய் என்பதற்காக அப்பா செலவு பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அந்தப் பேரை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது ரெண்டையும் வாங்கி வந்தோமே, ரெண்டு ரூபாய் நாணயம் அளவு. "டேங்க் அளவுக்குத்தான் சார் வளரும்" என்றார் கடைக்காரர். நாமும் தலையாட்டினோம். ஆஸ்கார் அமேசான் ஆற்று மீன். ஒரு அடி வளரும், பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். சின்ன டேங்கில் வளராமல் நிற்கிறது என்றால், அழுக்குத் தண்ணியில் உடம்பு குன்றிப்போகிறது என்று அர்த்தம். போண்டா இப்போது பதினோரு அங்குலம், ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பழைய டேங்கின் அகலம் பதினெட்டு அங்குலம். திரும்பும்போதெல்லாம் மூக்கு கண்ணாடியில் உரசுகிறது.

அதனால் புது டேங்கில் கண்ணாடியைவிட ஃபில்டருக்குத்தான் அதிகம் யோசித்தேன். கீழே ஸ்டாண்டுக்குள் மூணடிக்கு ஒரு சம்ப். மேலிருந்து தண்ணி குழாயில் இறங்கி, முதல் அறையில் ஸ்பாஞ்ச், ரெண்டாவதில் செராமிக் வளையம், மூணாவதில் பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நார் நாற்பது. சிரிக்காதே. பாக்டீரியா ஒட்டுவதற்கு அத்தனை பரப்பு வேறு எதிலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. மளிகைக் கடைக்காரர் "கல்யாண சமையலா சார்?" என்று கேட்டார். அதில் ரெண்டை அம்மா எடுத்துக்கொண்டாள், ஆக முப்பத்தெட்டு. கடைசி அறையில் மணிக்கு 3,000 லிட்டர் தள்ளுகிற பம்ப். ஹீட்டர் ரெண்டும் அங்கேதான், சம்ப்பிலேயே. மேலே வைத்தால் போண்டா முட்டி உடைத்துவிடுவான். மார்கழியில் நம் ஊர்க் குளிர் உனக்குத் தெரியுமே. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு அமேசான் மீன் வளர்த்தால் கரன்ட் பில் வரத்தான் செய்யும்.

முதல் நாள் நிரப்பி ஓடவிட்டு, கரன்ட் போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஸ்விட்சை அணைத்தேன். பம்ப் நின்றதும் மேல் டேங்க் தண்ணி, பம்ப் மேலே ஏற்றுகிற குழாய் வழியாகவே பின்னாடி இழுத்துக்கொண்டு சம்ப்புக்கு வந்து, நிரம்பி, ஹால் முழுக்க. அம்மா பூஜைக்குக் கோலம் போட்டு வைத்திருந்த இடம் வரைக்கும். அந்தக் குழாயில், தண்ணி மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே, ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும். மட்டம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். மூணு எம்எம் டிரில்லில் அரை நிமிஷ வேலை. அதை முன்னாடியே போடாததால் ரெண்டு மணி நேரம் துடைப்பமும் வாளியுமாக இருந்தேன். அம்மா முழுசாகப் பேசாததற்கு டிவி மட்டும் காரணம் இல்லை.

தண்ணிக்கும் ஒரு வழி பண்ணியிருக்கிறேன். போர் தண்ணியை நிறுத்திவிட்டேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லா நிலத்தடித் தண்ணியின் ஃப்ளோரைடு எத்தனை பேர் பல்லையும் முட்டியையும் கெடுத்தது என்று உனக்குத் தெரியும், உன் பெரியப்பா பல்லைப் பார்த்து வளர்ந்தவள்தானே. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல். அந்தக் காவிரித் தண்ணி வருகிற நாளில் ரெண்டு டிரம்மில் பிடித்து, ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, ஒரு நாள் காற்றுக் கல் போட்டு வைத்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன். பழைய ஃபில்டரில் மறுபடி பழுப்பு ஏறியிருந்த ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, கழுவாமல், சொட்டச் சொட்டக் கொண்டுவந்து புது சம்ப்பில் வைத்திருக்கிறேன். மீன் இல்லாத டேங்குக்குத் தினம் ஒரு சிட்டிகை தீவனம் போடுகிறேன், அழுகி அமோனியா ஆகட்டும் என்று. இன்றைக்கு ஒன்பதாம் நாள். அமோனியா பச்சை, நைட்ரைட் இப்போதுதான் லேசாக ஊதா. ரெண்டும் தானாக இறங்கி மஞ்சளும் நீலமும் ஆக இன்னும் நாலு வாரமாவது வேண்டும். ஹாலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "மீன் எங்கே?" என்கிறார்கள். "இப்ப தண்ணியை வளர்க்கிறேன்" என்றால் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, கெலவரப்பள்ளி டேமில் கொண்டுபோய் விட்டுவிடலாமே, பெரிய தண்ணியில் சுகமாக இருக்கும் என்று ரெண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தர் படித்தவர். மழை பெய்தால் கெலவரப்பள்ளியில் நுரை எந்த உயரத்துக்கு நிற்கிறது என்று பார்க்காதவர் போலிருக்கிறது. பெங்களூருக் கழிவு தென்பெண்ணையில் இறங்கி முதலில் வந்து முட்டுகிற இடம் அது. அந்த நுரையிலும் போண்டா பிழைத்துவிட்டால் அது அதைவிட மோசம். அங்கிருந்து கேஆர்பி டேம், அப்புறம் சாத்தனூர், கடைசியில் கடலூர் வரைக்கும் ஒரே ஆறு. வாட்ச்மேன் மாதிரி சக்கர் மீனை இப்படித்தான் யாரோ புண்ணியம் என்று விட்டு, இன்றைக்குச் சென்னைப் பக்கத்து ஏரிகளில் வலை போட்டால் அதுதான் வருகிறது. முள் குத்தி வலை கிழிகிறது, விற்கவும் முடியாது. 2018 வெள்ளத்தில் கேரளாவில் வளர்ப்புக் குளங்கள் உடைந்து, அமேசானின் அரபைமா சாலக்குடி ஆற்றில் பிடிபட்டதே, நீதான் எனக்குப் படம் அனுப்பினாய்.

நான் சின்ன வயசில் பாரூர் ஏரியில் தூண்டில் போட்டால் ஜிலேபிதான் மாட்டும். உன் தாத்தா அதைத் தூக்கிக் கரையில் எறிவார், "வந்தேறி" என்று. 1952-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த மீன் அது. நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள், சீக்கிரம் பெருகும், ஏழைக்குப் புரதம் என்று. பெருகித்தான் போயிற்று. இன்றைக்கு அது இல்லாத ஏரி இல்லை. இப்போது அதே பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்து மையத்தில் கிஃப்ட் திலேப்பியா என்று நல்ல ரகமாகக் கணக்கு வைத்து வளர்க்கிறார்கள். கணக்கோடு வளர்ப்பது வேறு, கைகழுவிவிட்டு வருவது வேறு. நாம் வாங்கினோம், நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். போண்டா சாகிற அன்றைக்கு எனக்கு எழுபது வயசு இருக்கலாம். இருக்கட்டும்.

அடுத்து, உன் ஆரோவானா. "ஆறடி டேங்க்னா ஆரோவானா விடலாமேப்பா" என்றாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசைதான். பம்ப் வாங்க போன வாரம் பெங்களூரு போனேன். அத்திபெலே தாண்டினதும் டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம். கடையில் ஒரு வெள்ளி ஆரோவானாக் குஞ்சு, என் நடுவிரல் நீளம், தகடு வெட்டி வைத்த மாதிரி மினுமினுவென்று. அரை மணி நேரம் அதன் எதிரே நின்றேன். கை பாக்கெட்டுக்குப் போய்விட்டு வந்தது. நீ மூணாவது படிக்கும்போது கப்பன் பார்க் அக்வேரியத்தில் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாயே, நான் இழுக்க இழுக்க வராமல். அந்த நினைப்பு வேறு.

ஆனால் அது மூணடி வளரும், கண்ணு. நம் டேங்க் அகலம் ரெண்டடி. ரெண்டடியில் மூணடி மீன் எப்படித் திரும்பும்? பெட்டைவிட நீளமான ஜாபை லேத்தில் ஏற்றுகிற கதை. அதோடு அது தண்ணிக்கு மேலே கிளையில் இருக்கிற பூச்சியைத் தாவிப் பிடிக்கிற ஜாதி. மூடி கொஞ்சம் விலகியிருந்தால் காலையில் ஹாலில்தான் கிடக்கும். மறுபடி "வளர்ற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நாம் சொல்லக் கூடாது. அந்த "அப்புறம்"தான் பதினோரு அங்குலத்தில் மாடியில் மூக்கை உரசிக்கொண்டிருக்கிறது. இந்த டேங்க் போண்டாவுக்கும் வாட்ச்மேனுக்கும் மட்டும். பெரிய வீடு கட்டினால் புதுசாக ஆள் சேர்த்தே ஆகவேண்டும் என்று இல்லை.

வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. புனே பக்கம் சாக்கனில் பத்துக்குப் பத்து ரூமில் மூணு பேர் என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? "அட்ஜஸ்ட் ஆயிடுச்சும்மா" என்றாயாம். கடைக்காரர் பேச்சு மாதிரியே இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து வந்து, மற்ற ரெண்டு பேரும் லைட் போட்டுக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் நீ எப்படித் தூங்குகிறாய்? நானும் ராம் நகரில் ஒரு ரூமில் ஆறு பேராக இருந்தவன்தான். அந்த மூணு வருஷத்தில் எனக்கு வந்த அல்சர் இன்னும் போகவில்லை. ஷிப்ட் கேன்டீனில் சூடாக என்ன கிடைத்தாலும் சாப்பிடு, பிஸ்கட்டை வைத்து ஓட்டாதே. அடுத்த மாசம் வேறு ரூம் பார். வாடகையில் நாலாயிரம் கூடினால் நான் தருகிறேன். "வேண்டாம்ப்பா" என்று சொன்னால் அம்மாவிடம் சம்ப் யோசனையை நீதான் முதலில் சொல்லிக் கொடுத்தாய் என்று போட்டுக் கொடுத்துவிடுவேன்.

ஒரு புத்திமதியும் சொல்லிக்கொள்கிறேன், என்னைப் பார்த்துக் கற்றுக்கொள். அங்கே ஷாப் ஃப்ளோரில் ஏதாவது தப்பு பண்ணிவிட்டால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடு. ரெண்டு நாள் மறைத்தால் மூணாவது நாள் சொல்ல முடியாது; எட்டு வாரம் ஆகிவிடும், அப்புறம் கடிதம் எழுத வேண்டிவரும்.

தீபாவளிக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கிறது. என் கணக்குப்படி அதற்குள் தண்ணி தயாராகிவிடும். அதற்கு முன்னாடியே ஆனாலும் போண்டாவை நான் மாற்றப் போவதில்லை. வலையில் பிடித்தால் துடுப்பு முள் மாட்டிக் கிழியும். பெரிய டப்பைத் தண்ணிக்குள் சாய்த்து அசையாமல் பிடிக்க ஒருத்தர், அவனை மெதுவாக அதற்குள் ஓட்ட ஒருத்தர். அப்புறம் மாடிப்படி பதினெட்டும் டப்பைச் சாயாமல் இறக்க வேண்டும். ரெண்டு கை போதாது, நாலு கை வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டால் அவன் ஒரு துள்ளு துள்ளினாலே டப்பைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். வெல்டிங் மாமா வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன்.

உத்யான் எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போடு. தீபாவளி வாரம், வெயிட்டிங் லிஸ்ட் போய்விடும். எந்த நேரத்துக்கு வந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்துவிடுவேன். வந்ததும் கொய்யா மரத்தடிக்குப் போ. செங்கல் இருக்கிற இடம் தெரியும். எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டு, நான் அங்கேயே நிற்கிறேன். திட்டி முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு மாடிக்கு வா. டப்பை நீ பிடி.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா இதைப் படித்துவிட்டாள். வெள்ளச்சி விஷயத்தை நானே உனக்குச் சொல்லட்டும் என்றுதான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாளாம். இதோடு அனுப்புகிற பார்சலில் எள்ளுருண்டையும் பருப்புப் பொடியும் இருக்கிறது, ரூமில் இருக்கிற ரெண்டு பிள்ளைகளுக்கும் கொடுக்கச் சொன்னாள். முப்பத்தெட்டு நார் என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "நான் எடுத்தது ரெண்டு இல்ல, நாலு" என்கிறாள்.